நான்கு அஞ்சலட்டைகள்

2013 அக்டோபர் 27. தில்லிக்குத் தென்கிழக்கே கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேச ஓடுகளத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம். முதல் இடத்திலிருந்து புறப்பட்டு முன்னணியிலும் இருந்த செபாஸ்டியன் வெட்டல், இரண்டாவது சுற்று முடிந்ததுமே வண்டியைப் பிட்டுக்குள் திருப்பினார். பந்தயம் மொத்தம் 60 சுற்று. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. டயரை மாற்றத்தான் வந்தார். மற்றவர்கள் பாய்ந்து போக, அவர் கூட்டத்தின் வாலில் போய்ச் சேர்ந்தார். கடைசியில் ஏறக்குறைய 30 வினாடி வித்தியாசத்தில் வென்று, நான்காவது உலகப் பட்டத்தையும் அங்கேயே எடுத்துக்கொண்டார்.

அன்று எல்லா அணிகளுக்கும் பிரெல்லி கொடுத்த ரப்பர் இரண்டு வகை: மென்மையானது ஒன்று, நடுத்தரம் ஒன்று. மென்மையானது ஒரு சுற்றுக்கு மின்னல்; தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிக்க அதுதான் தேவை. ஆனால் எரிபொருள் நிரம்பிக் கனத்த வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். தகுதிச் சுற்றில் போட்ட டயருடனேயே முன்னணிப் பத்துப் பேரும் பந்தயத்தைத் தொடங்கவேண்டும், இரண்டு வகையையும் ஒரு முறையாவது போட்டாகவேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. ஆகவே மென்மையான ரப்பரை இரண்டே சுற்றில் கழித்துக்கட்டிவிட்டார்கள். உலகின் மிகச் சிறந்த வண்டியும் ஓட்டுநரும் இருந்தும், அன்றைய திட்டம் முழுவதும் எந்த ரப்பர், எத்தனை நேரம் என்ற கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது. ரிம்மைப் பற்றி யாரும் பேசவில்லை.

தில்லி கரோல் பாக்கின் கார் அலங்காரக் கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. அக்கா மகன் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கியிருந்தான். நான்கு கதவும் பெரிய டிக்கியும் உள்ள வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று நான் கேட்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. 230 குதிரைத்திறன் என்று பதில் வந்தது. சரி, ஸ்போர்ட்ஸ் கார்தான். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடைச் சுவர் முழுக்க அலாய் வீல்கள், கோயில் கடையில் மாட்டிய பித்தளைத் தட்டுகள் மாதிரி மின்னின. அவன் கண் 19 அங்குலக் கறுப்பு ரிம் ஒன்றில் போய் நின்றது. வண்டியில் இருந்தது 17 அங்குலம்.

“ஃபிட் ஹோ ஜாயேகா”, பொருந்திவிடும், என்றார் கடைக்காரர். தில்லியில் இந்த மூன்று சொற்களுக்கும் எல்லையே கிடையாது.

“மாமா, பெரிய வீல் போட்டா கிரிப் ஜாஸ்தியா இருக்கும்ல?”

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம் எவ்வளவு? 1,400 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. டயருக்குள் 33 பிஎஸ்ஐ காற்று. எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது சுமார் 150 சதுர சென்டிமீட்டர். நம் தபால் நிலையத்து அஞ்சலட்டை 14-க்கு 9 சென்டிமீட்டர், அதாவது 126 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு துண்டுகள்தான் 230 குதிரைகளையும் பிடித்து வைத்திருக்கின்றன. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எவ்வளவு உசத்தியானாலும், அவை இடும் கட்டளை இந்த நான்கு அட்டைகளின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றழுத்தமும்தான் வருகின்றன. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு துல்லியமானது அல்ல, ஆனால் போக்கு சரி. அகலமான டயரைப் போட்டால் அட்டை பெரிதாவதில்லை, திரும்பிப் படுத்துக்கொள்கிறது. முன்பின்னாக நீண்டிருந்தது குறுக்காக நீள்கிறது. அதிலும் லாபம் உண்டு. வளைவில் திரும்பும்போது டயர் தொடும் பரப்பின் பின்பகுதிதான் முதலில் வழுக்கத் தொடங்கும். பரப்பு முன்பின்னாகக் குட்டையாக இருந்தால் பளு சீராகப் பரவும், வெப்பமும் அதிக ரப்பரில் பகிரப்படும். பந்தய வண்டிகளின் டயர் அகலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அகலம் இருந்தால் இன்னும் மென்மையான ரப்பரைத் துணிந்து பயன்படுத்தலாம். ஆக, பிடிமானம் கடைசியில் ரப்பரிடம்தான் போய் நிற்கிறது.

ரப்பர் விசித்திரமான பொருள். மரமும் இரும்பும் உரசும்போது, உராய்வு பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ரப்பர் அந்தப் பாடத்தை மதிப்பதில்லை. அதன் உள்ளே இருப்பவை இடியாப்பம்போல் சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறு இழைகள். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இழைகளுக்கு நடுவே பாலங்கள் விழும். இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் திரும்பும்போது, வாங்கிய ஆற்றல் முழுவதையும் கொடுக்காது. ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடும். பிடிமானத்தின் ரகசியம் இந்த விழுங்கலில் இருக்கிறது. தார்ச்சாலையின் நுண்ணிய மேடுகளில் ரப்பர் ஏறும்போது அமுங்குகிறது, இறங்கும்போது சோம்பேறித்தனமாகத் தாமதித்து விரிகிறது. மேட்டின் முன்புறத்தில் அழுத்தம், பின்புறத்தில் தளர்ச்சி. இந்த வித்தியாசம்தான் சறுக்கலைத் தடுக்கும் விசை. கூடவே ரப்பர் மூலக்கூறுகள் கல்லோடு ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மையும் சேரும்.

அப்படியானால் நிறைய விழுங்கும் ரப்பரையே எல்லா டயருக்கும் வைத்துவிடலாமே? வைத்தால் பெட்ரோலையும் விழுங்கும். டயர் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி நிமிர்கிறது. அதிலும் ஆற்றல் போகிறது. இரண்டையும் பிரிக்க உதவுவது வேகம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது இந்த வண்டியின் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 தடவை சுற்றும். உருள்வதால் வரும் நசுங்கல் அந்தத் தாளத்தில்தான் நடக்கிறது. சாலையின் நுண்மேடுகளோ ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவைகளும் அதற்கு மேலும் குத்துகின்றன. மெதுவான தாளத்தில் குறைவாகவும் வேகமான தாளத்தில் நிறையவும் விழுங்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டு மாங்காயும் விழும். மிஷலின் 1992-இல் கரிப்பொடியின் பெரும்பங்குக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்து விற்கத் தொடங்கிய டயர் அந்தத் திசையில் பெரிய படி. இன்றைய நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்களில் சிலிக்கா இருக்கிறது. கடையில் அந்தச் சரக்கு மின்னாது; மூலையில் கறுப்பாக அடுக்கிக் கிடக்கும்.

இந்த விழுங்கும் குணம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். குளிரக் குளிர ரப்பர் விறைத்து, ஒரு கட்டத்தில் கண்ணாடிபோல் ஆகிவிடும். கோடை டயர் என்று ஐரோப்பாவில் விற்கும் வகையை 7 டிகிரிக்குக் கீழே நம்பவேண்டாம் என்பது அங்குள்ள பொது விதி. தென்னாட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கென்ன என்று போய்விடலாம். தில்லிக்காரர் போக முடியாது. சஃப்தர்ஜங் வானிலை நிலையம் 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரியைப் பதிந்தது. 2024 மே 29 அன்று அதே நிலையத்தில் 46.8 டிகிரி. ஒரே ஊர், அதே டயர், நடுவில் 45 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஓடுகள விளையாட்டுக்கென்றே வரும், பள்ளங்கள் குறைந்த ‘செமி-ஸ்லிக்’ டயர்கள் சூடேறினால்தான் ஒட்டும். ஜனவரி காலை மூடுபனியில் ரிங் ரோடில் அவற்றை நம்பிப் பிரேக்கை அழுத்துவது, எண்ணெய் தடவிய திண்ணையில் நடப்பதற்குச் சமம். ஆண்டுக்கு இரண்டு நாள் புத்தா ஓடுகளத்துக்குப் போகிறவர் அதற்குத் தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளலாம். மற்ற 363 நாளும் அவர் ஓடுகளத்தில் இல்லை.

காற்றழுத்தமும் இதே கதைதான். மூடிய பாத்திரத்தில் வாயுவின் அழுத்தம் தனிவெப்பநிலையோடு ஏறி இறங்கும். மே மாதத்தில் 40 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்தால், ஜனவரியில் 5 டிகிரி காலையில் அளவுகோல் 28-க்குக் கீழே காட்டும். எங்கும் ஓட்டை இல்லை; 5 பிஎஸ்ஐயை வானிலை எடுத்துக்கொண்டது. மறுதலையாக, ஜனவரியின் 5 டிகிரியில் 33 அடித்துவிட்டு மறந்தால், 45 டிகிரி மதியத்தில், ஓடத் தொடங்கும் முன்பே, 40-ஐ நெருங்கும். இங்கே நைட்ரஜன் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் மாறாது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 சதவீதம். வாயு விதி இரண்டுக்கும் ஒன்றே. ஈரப்பதம் இல்லாதது நல்லதுதான், பந்தய அணிகளுக்கு அது முக்கியம். நமக்கு, ஐம்பது ரூபாய்க்கு நைட்ரஜன் வாங்குவதைவிட மாதம் ஒரு முறை டயர் ஆறியிருக்கும்போது அளந்து பார்ப்பது மேல்.

இனி ரிம்முக்கு வருவோம். அக்கா மகனின் டயரில் 225/45 ஆர் 17 என்று எழுதியிருந்தது. அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர். உள்ளே 17 அங்குல ரிம். மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர். அங்குலமும் மில்லிமீட்டரும் சதவீதமும் ஒரே வரியில் கலந்திருப்பதற்கு யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. கடைக்காரர் காட்டிய 19 அங்குல ரிம்முக்கு 235/35 டயர்: விட்டம் 647 மில்லிமீட்டர், 2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் கணக்குக்கு இது தாங்கும். கவனிக்கவேண்டியது பக்கச் சுவர். 101 மில்லிமீட்டர் இருந்தது 82 ஆகிவிட்டது.

அந்த 19 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? திருப்பத்தில் உண்மையாகவே நல்லது செய்யும். குட்டைச் சுவர் வளையாது. ஸ்டீயரிங் சொன்னதைச் சட்டென்று கேட்கும். அவன் தேடிய ‘ஃபீல்’ அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மழைக்கால ஆகஸ்டில் தில்லிச் சாலை ஒரு பள்ளத்தைக் காட்டும்போது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முதல் ஸ்பிரிங் டயரின் பக்கச் சுவர்தான். அது குட்டையானால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோகும். மறுநாள் சுவரில் ஒரு கொப்புளம். அதற்கு ஒட்டு கிடையாது. டயரையே தூக்கிப்போட வேண்டியதுதான். ரப்பர் தாங்கினால் அடுத்த அடி ரிம்முக்கு.

ரிம் எப்படிச் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் தெரியவரும். உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு ரிம். சந்தையில் பெரும்பாலானவை இவைதான். இட்லி மாதிரி. ஊற்றின இடத்தில் உறையும், உள்ளே நுண்துளைகள் தங்கலாம். திடமான உலோகக் கட்டியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் பிசைந்து வடிவம் கொண்டுவருவது ஃபோர்ஜ்டு ரிம். சப்பாத்தி மாவு மாதிரி. பிசையப் பிசையத் துளைகள் மூடி உள் அமைப்பு இறுகும். அதே பலத்தைக் குறைந்த எடையில் தரும். விலையோ பல மடங்கு. நடுவே, வார்த்த ரிம்மின் வெளி வளையத்தை மட்டும் சூட்டில் உருட்டி மெலிதாக்கும் ‘ஃப்ளோ ஃபார்ம்டு’ வகை. தில்லியில் ஓட்டும் நடுத்தர வருமானக்காரருக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழைய இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும். விரிசலை வெல்டு வைத்து, லேத்தில் கடைந்து, பெயின்ட் அடித்துப் புதிதுபோல் தருகிற கடைகள் உண்டு. அலுமினிய ரிம்மின் பலம், பதமாகச் சூடாக்கி உள்ளே உருவாக்கிய மிக நுண்ணிய துகள்களிடமிருந்து வருகிறது. வெல்டிங் சூடு அந்தத் துகள்களைக் கெடுத்து, ஒட்டின இடத்தின் அக்கம்பக்கத்தை மெத்தென்று ஆக்கிவிடும். பார்வைக்கு முழு ரிம், உள்ளே பாதி ரிம். அதனால் பழைய ரிம் வாங்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை நன்றாகத் தடவிப் பாருங்கள்.

எடை குறைந்தால் ஏன் நல்லது? ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைச் சாலை நேரடியாகத் தூக்கிப் போடுகிறது. ரிம் கனத்தால் மேட்டில் ஏறிய சக்கரம் தரைக்குத் திரும்பத் தாமதமாகும். அந்த நேரத்துக்கு உங்கள் அஞ்சலட்டை காற்றில் இருக்கிறது. மேலும் சக்கரம் முன்னே போவது மட்டுமல்ல, சுழலவும் வேண்டும். டயரின் வெளி விளிம்பில் ஒரு கிலோ கூடினால், முடுக்கும்போது வண்டிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ கூடியதற்குச் சமம். 19 அங்குல மலிவு வார்ப்பு ரிம் 17 அங்குலத்தைவிடக் கனமாக இருப்பதே வழக்கம். அந்தக் கனமும் மையத்தைவிட்டு விலகி வெளியே போய்விடுகிறது. 230 குதிரைகளில் சிலவற்றை நாமே காசு கொடுத்துக் கட்டிப்போடுகிறோம்.

இலேசான சக்கரத்தின் அருமையை முதலில் உணர்த்தியவர்களில் எத்தோரே புகாத்தியைச் சொல்லவேண்டும். 1924-இல் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் அவரது டைப் 35 பந்தயக் கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. அந்தக் காலத்துக்கு அது அதிசயம். ஆனால் அந்த முதல் பந்தயத்தில் வண்டிகளின் காலை வாரியது, சரியாகப் பதப்படுத்தாத டயர்கள். ரிம் ஜெயித்தது, ரப்பர் தோற்றது, பந்தயமும் கூடவே போனது.

கடைக்காரரின் ‘ஃபிட்’ எங்கே சறுக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். போல்ட் துளைகளின் வட்டம் ஆக்டேவியாவுக்கு 112 மில்லிமீட்டர், ஐந்து துளை. ஹோண்டா, டொயோட்டா பலவற்றுக்கு 114.3. வித்தியாசம் 2.3 மில்லிமீட்டர்தான், இழுத்து முறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். உட்காராது, போல்ட் சாய்வாக இறங்கி நாளடைவில் தளரும். நடுத்துளை இந்த வண்டிக்கு 57.1, பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று வெளிக் கம்பெனிகள் 73.1 வைப்பதுண்டு. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடாவிட்டால் சக்கரம் மையம் தவறி, 90-100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் கடைக்கு எத்தனை தடவை போனாலும் அது தீராது. இன்னும் ஒன்று: ஆக்டேவியா அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து போல்ட்களின் தலைக்கு அடியில் உருண்டையான உட்காரும் பரப்பு, வெளி ரிம்களில் பெரும்பாலும் கூம்புப் பள்ளம். உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் மெல்லிய ஒரு வட்டக் கோட்டில்தான் தொடும். ரிம்மோடு சரியான போல்ட்டையும் கேட்டு வாங்கவேண்டும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. 7 அங்குல அகலமும் 45 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றி, 8 அங்குலமும் 35-உம் உள்ளதைப் போட்டால், வெளி விளிம்பு கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் வெளியே வரும். பார்க்கக் கம்பீரம். பேரிங்குக்கு நெம்புகோல் நீளம்; பள்ளத்தில் ஸ்டீயரிங் கையிலிருந்து திமிறும்; சக்கரம் மட்கார்டைத் தாண்டினால் போலீஸ்காரர் கையைக் காட்டுவார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் அளவீட்டுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் நினைவில் இருக்கட்டும். அதே மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்த அளவுக்குள் நின்றுகொண்டால் வம்பில்லை.

மழையை விட்டுவிடக் கூடாது. 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் கொட்டியது. மின்டோ பாலத்தடியில் தண்ணீர் நிற்பதை ஆண்டுதோறும் பத்திரிகையில் பார்க்கிறோம். அங்கே யாரும் வேகமாகப் போவதில்லை. ஆபத்து, மேம்பாலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும் சில மில்லிமீட்டரில். விமான டயர்களுக்காக நாசா பொறியாளர்கள் 1960-களில் தந்த சூத்திரப்படி, டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். காருக்குத் தோராயமாகப் பொருத்தினால் 33 பிஎஸ்ஐக்கு மணிக்கு 96 கிலோமீட்டர், 24-க்கு 82. காற்று குறைந்த டயர் சீக்கிரம் மிதக்கும். அகலமான டயர் ஒதுக்கவேண்டிய தண்ணீரும் அதிகம். அதற்கு வழிவிடும் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை பொறுக்கிறது. மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

கடைசியாக, வயது. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவதைவிட நிற்பது அதிகம், ஆகவே டயர் தேயாது, ஆனால் கிழடாகும். 2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் வேகமே முதல் காரணம் என்றது விசாரணை. அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும் குறிப்பிட்டது. ரப்பரின் எதிரி ஓசோன். மேலே வானத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தில்லிக் கோடையில் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உருவாகி, ரப்பர் இழைகளின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. இதைத் தடுக்க டயரில் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல மேலே கசிந்துவந்து, ஓசோனுக்குத் தன்னைப் பலி கொடுக்கும். பழைய டயரில் தெரியும் பழுப்பு நிறம் அந்தப் போரின் மிச்சம். பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தள்ளுபடி விலை சொல்லும் கடையில் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான். பக்கத்திலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்று கரோல் பாக்கில் அவன் 19 அங்குலத்தை வாங்கவில்லை. என் கணக்குகளால் அல்ல. கடைக்கு வெளியே ஒருவர், அதே அளவு ரிம்மை விரிசலோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வார்ப்பு ரிம்தான். வெல்டு வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பழைய 17 அங்குலத்தையே வைத்துக்கொண்டு, ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கு நல்ல டயர்களைப் போட்டான். அக்டோபரில் மாட்டியது. ஜனவரி முதல் வாரம் காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

“மாமா, இருபத்தொன்பதுதான் காட்டுது. புது டயர். பங்ச்சரா?”

வெளியே மூடுபனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. “காற்றை எங்கே அடித்தாய், எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். மதியம் மூன்று மணிக்கு, வெயிலில் நிறுத்தி வைத்து, என்றான்.